லண்டன் – பாரிஸ்: தூரமும் நேரமும்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோருக்கு ஒரு சிறு கணக்கு. லண்டனிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 344 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 26 நிமிடம்தான். ஆனால் விமான அட்டவணையில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முந்தியது. லண்டனில் 10.00-க்குக் கிளம்பினால் அங்கே 12.15, பாரிஸில் 10.00-க்குக் கிளம்பினால் லண்டனில் 10.15தான்! இதைக் கவனியாமல் அடுத்த வண்டிக்கு டிக்கெட் எடுத்தால் வண்டி போயிருக்கும்; பணமும் போகும்.

ரயில்வேயில் உழைத்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன்: 1994 முதல் கடலடிச் சுரங்கம் வழியே ஓடும் யூரோஸ்டார் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் நகருக்குள்ளேயே இறக்கிவிடும். பெரிய விமான நிலையங்களோ ஊருக்கு வெளியே. ஆகவே வாசல் முதல் வாசல் வரை கணக்கிடுங்கள்.