ரவிக்கை மாதிரியை உடலுக்கேற்பத் திருத்தும் முறை

தையல் இயந்திரம் வாங்குவதற்குக் கடன் பெறும் ஸ்திரீகள் நமது கிராமங்களில் அனேகர். 1989-ம் வருஷத்தில் தருமபுரி ஜில்லாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றிய காலந்தொட்டு, கறவை மாடு, சிறு கடை ஆகியவற்றுடன் தையல் இயந்திரமும் இக்கடன்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்து வருகிறது. கடன் பெற்றவள் சில மாதங்களுக்குள் நேராகத் தைக்கவும், கொக்கி வைக்கவும், கழுத்துப் பட்டி திருப்பவும் கற்றுக்கொள்கிறாள். அண்டை வீட்டார் இரண்டு மூன்று ரவிக்கைகள் கொடுத்துப் பார்க்கின்றனர். அதன் பிறகு துணி பழையபடி கடைத்தெருத் தையற்காரரிடமே போய்விடுகிறது. இயந்திரம் பழைய சேலையால் மூடப்பட்டு மூலையில் நிற்கிறது, தவணையோ நிற்பதில்லை.

இதற்குக் காரணம் அவளுடைய தையல் கோணலாக இருப்பதன்று. தைத்த ரவிக்கை உடலில் பொருந்தவில்லை என்பதே காரணம். தைக்கக் கற்றுக்கொடுப்போர் பலர் உளர். பொருத்தக் கற்றுக்கொடுப்போர் சிலரே. கடன் கொடுத்தவர்களும் தவணைப் புத்தகத்தைப் பார்க்கின்றனரேயன்றிக் கைக்குழியைப் பார்ப்பதில்லை. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

அளவு ரவிக்கையின் குற்றம்

அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863-ம் வருஷத்தில் பல அளவுகளில் மாதிரிக் காகிதங்களை வெட்டி விற்கத் தொடங்கினார். அந்நாட்டு ஸ்திரீகள் அக்காகிதத்தைத் துணிமேல் விரித்து வீட்டிலேயே வெட்டித் தைத்தனர். நமது கிராமங்களில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே காகிதத்தின் ஸ்தானத்தை வகிப்பது அளவு ரவிக்கை. “அக்கா, இதைப்போலவே தைத்துக் கொடுங்கள்” என்று பழைய ரவிக்கை ஒன்றைச் சுருட்டித் துணியோடு கொடுத்துவிட்டுப் போவதே வழக்கம். அளவெடுத்துக்கொள்ளக் கூசும் ஸ்திரீகளுக்கு இது சௌகரியமே. ஆனால் பழைய ரவிக்கை பலமுறை துவைத்துச் சுருங்கியோ, போட்டுப் போட்டுத் தளர்ந்தோ இருக்கும். அது தைக்கப்பட்டபோது இருந்த உடலும் இப்போதுள்ள உடலும் ஒன்றல்ல. இடையில் ஒரு பிரசவம் நேர்ந்திருக்கலாம். அன்றியும், முதல் ரவிக்கையில் இருந்த குற்றம் இரண்டாவதிலும், இரண்டாவதன் குற்றம் மூன்றாவதிலும் ஏறிக்கொண்டே போகும். அளவு ரவிக்கையை வாங்கிக்கொள்வதில் தவறில்லை; எந்த இடம் பிடிக்கிறது, எந்த இடம் தொங்குகிறது என்று கேளாமல் வாங்கிக்கொள்வதே தவறு.

மற்றொரு குற்றம் கணக்கில் உள்ளது. மார்பளவு ஒன்றை மட்டும் எடுத்து, அதில் நாலில் ஒரு பங்கு இது, எட்டில் ஒரு பங்கு அது என்று தோள், கைக்குழி, கழுத்து யாவற்றையும் வகுத்துக்கொள்வது பலருடைய வழக்கம். நடுத்தரமான உடலுக்கு இக்கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். தண்ணீர்க் குடமும் புல்லுக்கட்டும் சுமந்து தோள் அகன்று புஜம் பருத்தவளுக்கு மார்பளவு 32 அங்குலமாகவே இருக்கலாம். அவளுக்கு இக்கணக்கின்படி தைத்த ரவிக்கை, நாற்று நடக் குனிந்த முதல் நாளிலேயே முதுகுப்புறக் கைக்குழியில் கிழிந்துபோகும்.

அளவெடுத்தல்

அளவைத் தானே எடுத்துக்கொள்ளலாகாது, வேறொருத்தி எடுக்கவேண்டும். மார்பின் நிறைந்த பாகத்தில் நாடாவை முன்னும் பின்னும் ஒரே மட்டமாகச் சுற்றி, உள்ளே ஒரு விரல் நுழையுமளவு விடவேண்டும். பிறகு அதே மட்டத்தில் முதுகை மட்டும் ஒரு விலாவிலிருந்து மறு விலாவரையில் தனியே அளக்கவேண்டும். இதை எடுப்பவர் அரிதாகையால், முன்பாகம் எவ்வளவு, பின்பாகம் எவ்வளவு என்று தெரியாமலே வெட்டிவிடுகின்றனர். முதுகின் மேற்பாகத்தை ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழிவரையில் இருமுறை அளக்கவேண்டும்: கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, மார்பின் குறுக்கே கட்டி ஒருமுறை. இரண்டுக்குமுள்ள வித்தியாசம், உழைக்கும்போது அம்முதுகு எவ்வளவு துணி கேட்கிறது என்பதைக் காட்டும். புஜத்தை முழங்கை மடக்கிய நிலையில் அளப்பது உத்தமம். தோள், ரவிக்கை உயரம், தோளிலிருந்து மார்பின் முனைவரையுள்ள இறக்கம், ரவிக்கை முடியுமிடத்துச் சுற்றளவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்க.

காகிதத்தைத் திருத்துதல்

உதாரணமாக, 32 அங்குல மார்புக்குரிய மாதிரி ஒன்று கையிலிருப்பதாகக் கொள்வோம். கொக்கிப் பட்டியையும் தையலுக்கு விட்ட பாகத்தையும் நீக்கி அளந்தால், மார்பு மட்டத்தில் முன்துண்டு 8½ அங்குலமும் பின்துண்டு 8 அங்குலமும் இருக்கின்றன. இரண்டும் பாதி உடலுக்கானவை; ஆகவே முழுச் சுற்று 33 அங்குலம். உடலளவுக்கு மேல் 1 அங்குலம் தளர்வு விட்டிருக்கிறது. இப்பொழுது 34 அங்குல மார்புள்ளவளுக்குத் தைக்கவேண்டுமாயின் 35 அங்குலம் தேவை. 2 அங்குலம் குறைகிறது. சாதாரணமாக இதை நாலாகப் பங்கிட்டு, ஒவ்வொரு விலாவோரத்திலும் ½ அங்குலம் கூட்டிவிடுவார்கள். உடல் எங்கும் ஒரே சீராகப் பருத்திருந்தால் இது சரியே. பெரும்பாலும் அப்படியிருப்பதில்லை.

பாலூட்டும் தாய் ஒருத்திக்கும் மார்பளவு அதே 34 அங்குலந்தான். ஆனால் அவளுடைய முதுகு பழையபடியே இருக்கிறது. குறைவு முழுதும் முன்பாகத்துக்குரியது. விலாவோரத்தில் கூட்டினால் முதுகு தொளதொளவென்று நிற்கும். முன்புறக் கொக்கிகளோ தெறித்துக்கொண்டே இருக்கும். இவளுக்கு முன்துண்டைக் காகிதத்திலேயே பிளக்கவேண்டும். கீழ்ப்பிடிப்பின் நடுக்கோட்டில் அடியிலிருந்து மார்பின் முனைவரையில் வெட்டி, அங்கிருந்து கைக்குழியின் நடுவை நோக்கிச் சாய்வாக வெட்டிச் சென்று, தையற்கோட்டில் மயிரிழையளவு விட்டு நிறுத்துக. விலாவிலிருந்து மார்பின் முனையை நோக்கி மற்றொரு வெட்டு. அதிலும் முனையில் மயிரிழை விடவேண்டும். பின்பு மார்பின் முனையிலிருந்து அடிவரையில் 1 அங்குலம் ஒரே அகலமாகத் திறக்கும்படி விலாப்பக்கத் துண்டை நகர்த்துக. விலாவில் தானாகத் திறக்கும் ஆப்பு அங்கே ஒரு பிடிப்பாகிவிடும். விலாப்பக்கம் அடியில் சற்று இறங்கியிருக்குமாதலால், கொக்கிப்பக்கத் துண்டின் கீழ்ப்பாகத்தைக் குறுக்கே வெட்டி அதே மட்டத்துக்கு இறக்கி, திறந்த இடங்களில் வேறு காகிதம் வைத்துச் சோற்றுப் பசையால் ஒட்டவேண்டும். கூடிய 1 அங்குலத்தைக் கீழ்ப்பிடிப்பு விழுங்கிக்கொள்வதால் ரவிக்கையின் அடிச்சுற்று அகலாது. எங்கே உடல் கேட்டதோ அங்கே மட்டும் துணி போய்ச் சேர்ந்திருக்கும்.

முதுகு அகன்றவளுக்குப் பின்துண்டைத் திருத்தவேண்டும். தோளின் நடுவிலிருந்து அக்குள் மட்டம்வரையில் நேரே கீழே வெட்டி, அங்கிருந்து விலாவுக்குக் குறுக்கே வெட்டினால் கைக்குழி முழுதும் ஒரு தனித்துண்டாக வந்துவிடும். அதை அப்படியே ½ அங்குலம் வெளியே தள்ளி ஒட்டி, விலாக்கோட்டைக் கீழ்நோக்கிச் சரித்து வரைந்துவிடவேண்டும். தோளில் கூடிய ½ அங்குலத்தைச் சிறு பிடிப்பாகப் பிடித்துவிடலாம். கைக்குழியின் உருவம் கெடாததால் கையைத் திரும்ப வரையவேண்டியதில்லை. மார்பு மட்டத்திலும் முழுச் சுற்றில் 1 அங்குலம் இதனாலேயே கூடிவிடும். அதை மறந்து விலாவில் இன்னொருமுறை கூட்டலாகாது.

கைக்குழியைப் பற்றி

“கையைத் தூக்கினால் பிடிக்கிறது” என்பதே ரவிக்கையைப்பற்றி அதிகமாய்க் கேட்கப்படும் புகார். இதற்குப் பெரும்பாலோர் செய்யும் பரிகாரம் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுவது. இது நோயை வளர்க்கும் மருந்து. கை எங்கே உடலோடு சேர்கிறதோ அவ்விடத்துக்கருகில் துணியும் சேர்ந்திருந்தால், கை உயரும்போது அக்குளை ஒட்டிய சிறு பாகம் மட்டும் உயரும். கைக்குழி கீழே இறங்கியிருந்தாலோ, கை விலாத்தையலைப் பற்றி இழுக்கிறது. ரவிக்கை முழுதும் மேலேறுகிறது. குடத்தை இறக்கிவைத்தபின் அவள் அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ள நேரிடுகிறது. குழியை ஆழப்படுத்துந்தோறும் இழுப்பு அதிகமாகுமேயன்றிக் குறையாது. வெட்டின துணியைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

ஆகவே குழியின் அடி அக்குளுக்கு அரை அங்குலம் முதல் ஒரு அங்குலத்துக்குள் இருக்கும்படி வைத்து, குறையை வேறிடத்தில் தேடவேண்டும். முதுகு போதாமலிருந்தால் மேற்சொன்னபடி செய்க. புஜம் போதாமலிருந்தால் கையின் மாதிரியை உச்சியிலிருந்து அடிவரையில் நடுவே ஒன்றும், அக்குள் மட்டத்தில் குறுக்கே ஒன்றுமாக வெட்டி, உச்சியிலும் குறுக்குவெட்டின் இரு ஓரங்களிலும் மயிரிழை விட்டு, இருபக்கமும் வெளியே இழுத்து வேண்டிய அளவு திறந்து ஒட்டவேண்டும். நடுவில் காகிதம் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறும், அதைப்பற்றிக் கவலையில்லை. இப்படிச் செய்தால் கையின் உச்சி சற்றுத் தாழ்ந்துவிடும். தாழ்ந்த உச்சியுள்ள கை தாராளமாய் உயரும். தொங்கவிட்ட நிலையில் அக்குளில் சில சுருக்கங்கள் தெரியலாம். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் பட்டு ரவிக்கைக்கு உச்சி உயர்ந்திருக்கட்டும்; வயலுக்குப் போகும் ரவிக்கைக்குத் தாழ்ந்திருக்கட்டும். ஒருத்திக்கே இரண்டு கை மாதிரிகள் வைத்துக்கொள்வது வீண் வேலையன்று.

பரீட்சை பார்த்தல்

திருத்திய காகிதத்தை நேரே நல்ல துணிமேல் வைக்கவேண்டாம். காடாத் துணியிலோ, நைந்துபோகாத பழைய வேட்டியிலோ வெட்டி, நீண்ட ஓட்டுத் தையல் போட்டு உடுத்திப் பார்க்கவேண்டும். ஒரு முழ வேட்டித் துணி போவதால் புதுத் துணி ஒன்று பிழைக்கிறது. உடுத்தினவள் நிமிர்ந்து நின்றால் மட்டும் போதாது. குடம் தூக்குவதுபோல் கைகளை உயர்த்தவேண்டும். நடவு நடுவதுபோல் குனியவேண்டும். குழந்தையை மடியிலிட்டுப் பால் கொடுப்பதுபோல் உட்காரவேண்டும். அப்பொழுது விழும் சுருக்கங்கள் குறை இருக்குமிடத்தைக் காட்டிவிடும். இறுக்கமான குறுக்குச் சுருக்கம் அவ்விடத்தில் அகலம் போதாதென்பதற்கும், நெடுக நிற்கும் தொய்வான மடிப்பு அகலம் மிஞ்சியதென்பதற்கும் அறிகுறி. சாய்வான இழுப்பு எந்த முனையை நோக்கி ஓடுகிறதோ அங்கே துணி பற்றவில்லை என்று பொருள். கண்டுபிடித்ததை அப்பொழுதே காகிதத்தில் ஏற்றிவிடவேண்டும். “ஞாபகமிருக்கும்” என்று விட்டால் இருக்காது.

நல்ல துணியையும் உள்துணியையும் தனித்தனியே இரவு முழுதும் நீரில் ஊறவைத்து உலர்த்தியபின்பே வெட்டவேண்டும். இரண்டும் ஒரே அளவாய்ச் சுருங்கா. வெட்டும்பொழுது மாதிரியின் நேர்க்கோடு துணியின் கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலின் போக்கில் இருக்கவேண்டும். துண்டுத்துணி மிச்சப்படுமென்று மாதிரியைச் சிறிது சாய்த்து வைப்பவர்கள், இரண்டு சலவைக்குப்பின் ரவிக்கை ஒருபக்கமாய் முறுக்கிக்கொள்வதைக் காண்பார்கள்.

வளரும் பிள்ளைகளின் உடைகளைப்பற்றி இங்கே சிறிது சொன்னால் போதும். அவர்களுக்குத் திருத்தம் பின்னால் வருமாகையால், அதற்குரிய துணியை முன்கூட்டியே உள்ளே வைத்துத் தைக்கவேண்டும்: விலாத்தையலில் 1 அங்குலம், பாவாடை அடியில் 3 அல்லது 4 அங்குலம். அடிமடிப்பைப் பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும். அதன்மேல் மெல்லிய நாடா ஒன்றை ஓட்டிவிட்டால் மறைந்துபோகும். தொகையாகத் தைக்கப்பட்டு வரும் பள்ளிச் சீருடை இறுக்கமாக இருந்தால், முதலில் உட்புறத்தைத் திருப்பி எவ்வளவு துணி விட்டிருக்கிறார்களென்று பார்த்து, அதற்குமேல் வேண்டியிருந்தால் அக்குளின் கீழ் அதே நிறத் துண்டு ஒன்றைச் சேர்க்கலாம். இறுக்கமான சட்டையின் பொருட்டு ஒரு பெண் கடைசி வரிசையில் போய் உட்காருவது சிறு விஷயமன்று.

தைப்பதைத் தொழிலாகக் கொண்டவள், திருத்திய மாதிரிகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கெட்டிக் காகிதத்தில் வெட்டி, பெயர், தேதி, மார்பு, முதுகு, புஜம் ஆகிய அளவுகளை அதன்மேலேயே எழுதி, ஓரத்தில் துளையிட்டு ஆணியில் மாட்டிவைப்பது நலம். ஒரு வருஷம் சென்றுவிட்டாலோ, இடையில் பிரசவம் நேர்ந்தாலோ, அக்காகிதத்தை நம்பாமல் புஜத்தையும் மார்பையும் முதுகையும் மறுபடி ஒருமுறை அளந்த பிறகே கத்தரியை எடுக்கவேண்டும்.