பச்சை வட்டமும் பொது நம்பிக்கையும்

பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவு சைவமா, அசைவமா என்பதை எழுத்தறியாதவரும் கண்ட மாத்திரத்தில் உணர வேண்டும். இந்நோக்கத்திற்கென 2001ஆம் ஆண்டில் இந்திய அரசின் விதிகள் பொதுக் குறிகளை வகுத்தன. சதுரக் கோட்டினுள் பச்சை வட்டம் இருப்பின் சைவம். பழுப்பு வட்டம் இருப்பின் அசைவம். ஆயினும், இவ்விரு நிறங்களையும் வேறுபடுத்திக் காண இயலாதவரும் உளர். ஆகவே 2020ஆம் ஆண்டின் விதிகள் அசைவக் குறியின் வட்டத்தை முக்கோணமாக மாற்றின.

பால், தேன் கலந்த பண்டம் சைவமே. முட்டை சேர்ந்தால் அசைவமாகும். விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் சேர்ந்தாலும் அவ்வாறே. பொட்டலத்தின் முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை எனில், பச்சை வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சதுரத்தின் பக்கம் அதைப்போல் இருமடங்கு இருத்தல் வேண்டும். பண்டத்தின் பெயருக்கு அருகே குறியை அச்சிடுக.

ஊறுகாயும் அப்பளமும் இனிப்பும் செய்யும் அங்கத்தினர்கள் ஒன்றை மறத்தலாகாது. தனி முத்திரை பொய்த்தால் ஒருவர் பெயர் கெடும். பொதுக் குறி பொய்த்தாலோ அதைத் தாங்கும் அனைவர் சரக்கும் ஐயத்திற்குள்ளாகும். எனவே, வாங்கும் மூலப்பொருள் ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்ததெனக் கேட்டறிந்து, சங்க ஏட்டில் பதிந்த பின்னரே குறியை இடுதல் நம் கடமையாகும்.