பந்து பட்டால் ஒலி, ஒலித்தால் இருள்

1966 அக்டோபரில், நியூயார்க்கின் ராணுவப் பயிற்சிக் கூடம் ஒன்றில் ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லாவும் தொழில்முறை ஆட்டக்காரர் மிமி கனாரெக்கும் டென்னிஸ் ஆடினார்கள். மட்டைகளின் கைப்பிடிக்குள் சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர். பந்து படும்போதெல்லாம் ‘டோங்’ என்று கூடமே அதிரும். கூடவே ஒரு விளக்கு அணையும். கடைசி விளக்கும் அணைந்ததும் ஆட்டம் முடிந்தது. பிறகு அந்த இருட்டில் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்க, அகச்சிவப்புக் கேமராக்கள் அவர்களைத் திரையில் காட்டின. கலைஞர் ராபர்ட் ராஷன்பெர்க்கின் ‘ஓப்பன் ஸ்கோர்’ நிகழ்ச்சி இது. மட்டையின் மின்னணு வேலை பொறியாளர் பில் காமின்ஸ்கியுடையது.

நடிகரின், பார்வையாளரின் அசைவே ஒலியைத் தூண்டும் ஊடாட்ட நாடகத்துக்கு இசையமைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் அந்த மட்டை. விளக்கம் தேவையே இல்லை. சில அடிகளிலேயே பார்வையாளருக்கு விதி புரிந்துவிடும். உடம்பெங்கும் சென்சார் மாட்டியும், எந்த ஒலி நடிகரின் கையசைவில் பிறந்தது, எது முன்பே பதிவானது என்று தெரியாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆரம்பத்தில் ஓர் அசைவுக்கு ஒரே ஒலி, அதுவும் தனித்துக் கேட்கும்படி. சிக்கலெல்லாம் பிறகு.

இசையமைப்பாளர் ஜான் கேஜ் போனது வேறு வழி. 1965 ஜூலையில் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுடன் அவர் நிகழ்த்திய ‘வேரியேஷன்ஸ் V’ மேடையில் பொறியாளர் ராபர்ட் மூக் செய்த ஆன்டெனாக்கள் நின்றன. நடனக்காரர்கள் நெருங்கினால் அவை ஒலியைத் திறந்துவிடும். ஆனால் அது அப்படியே அரங்குக்குப் போகவில்லை. நடுவே மிக்ஸரில் இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். இன்றைய கேமராவும் சென்சாரும் தவறாகத் தூண்டப்படும்போது காப்பாற்றுவது நடுவில் இருக்கும் அந்த மனிதக் கைதான்.

தாமதம் தனிப் பிரச்சினை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அடி கண்ணில் பட்டு, நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்தே காதில் விழும். கணினியின் தாமதமும் சேர்ந்தால் அசைவுக்கும் ஒலிக்குமான பிணைப்பே அறுந்துவிடும். தட்டும் ஒலிகளுக்கு ஸ்பீக்கரைத் தொலைவில் அமர்ந்தவர்களுக்கு அருகே வைப்பது நல்லது.

காட்சி தினமும் ஒரே நீளத்தில் ஓடாது. பார்வையாளர் கை வைக்கும் இடத்தில் நிச்சயம் நீளும். அதனால் முழுப்பாட்டாக எழுதாமல், சுழலும் சிறு துண்டுகளாகவும் அடுக்குகளாகவும் எழுதி, வெளியேறும் இடங்களை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும்.

காலி அரங்கில் வைத்த ஒலி அளவையும் நம்பக்கூடாது. ஆட்கள் நிறைந்தால் உடலும் உடையும் உயர்சுருதி ஒலிகளை உறிஞ்சிவிடும். கடைசி ஒத்திகைக்கு நண்பர்களையாவது கூட்டிவந்து உட்காரவைத்து, அளவுகளை மறுபடி சரிபார்ப்பது அவசியம்.