ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிப் பார்ப்போமா?



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு செய்து பார்க்க ஒரு பாடம் தருகிறோம். இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். சுத்தமான துண்டு அல்லது துப்பட்டா இருந்தால் போதும். அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"நல்லா இருக்குற கண்ணை எதுக்கும்மா கட்டிக்கணும்? அபசகுனமால்ல இருக்கு!" என்று ஒரு பெரியம்மா கட்டாயம் கேட்பார். அவருக்கு ஹெலன் கெல்லர் கதையைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1880-ல் பிறந்தவர் ஹெலன் கெல்லர். 19 மாதக் குழந்தையாக இருக்கும்போது ஒரு நோய் வந்து, கண் பார்வையும் காது கேட்பதும் இரண்டுமே போய்விட்டது. அப்படியிருந்தும் தொட்டுத் தொட்டே எழுத்துப் படித்தார், கல்லூரிப் பட்டம் வாங்கினார், புத்தகங்கள் எழுதினார். 1933-ல் அவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை ரொம்பப் பேசப்பட்டது. தனக்கு மூன்றே மூன்று நாள் கண் கிடைத்தால் எதையெல்லாம் பார்ப்பேன் என்று அதில் எழுதியிருந்தார். எல்லா மனுசருக்கும் இளவயசில் சில நாள் கண்ணும் காதும் இல்லாமல் போனால் நல்லது, அப்போதுதான் இருப்பதன் அருமை தெரியும் என்றும் சொன்னார். அவருடைய சிநேகிதி ஒருத்தர் காட்டு வழியே நடந்துவிட்டு வந்தாராம். என்னம்மா பார்த்தாய் என்று கேட்டதற்கு, பெரிசாக ஒன்றுமில்லை என்றாராம். மரப்பட்டையையும் இலையையும் தடவியே எத்தனையோ கண்டுபிடிக்கும் ஹெலனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

நம்மை யாராவது கேட்டால் நாம் மட்டும் என்ன சொல்வோம்? காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தால், "என்னத்தப் பாத்தோம், வேலையைப் பாத்தோம்" என்போம்.

கண்ணைக் கட்டுவது என்றதும் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்குக் காந்தாரி ஞாபகம் வரும். புருசனுக்குப் பார்வையில்லை என்று தெரிந்து தானும் வாழ்நாள் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டவள். பத்தினி என்று கொண்டாடுகிறார்கள். நமக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பார்வையில்லாதவர் ஒருவர் இருக்கிற வீட்டில் இருக்கிற நல்ல கண்ணையும் கட்டிப்போட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? நூறு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நாம் கட்டப்போவது ஒரு மணி நேரக் கட்டு. அவிழ்த்த பிறகு செய்ய வேண்டிய வேலைதான் இந்தப் பாடத்தில் முக்கியம்.

எப்படிச் செய்வது?

இரண்டிரண்டு பேராகச் சேருங்கள். ஒருத்தர் கட்டிக்கொள்ள, இன்னொருத்தர் துணை. அரை மணி கழித்து மாற்றிக்கொண்டாலும் சரி, ஒருத்தரே முழு மணி நேரம் இருந்தாலும் சரி. கர்ப்பிணிகள், தலைசுற்றல், பிரஷர் உள்ளவர்கள் துணையாக மட்டும் இருக்கட்டும். அடுப்பு, கிணற்றடி, மாடிப்படி, வண்டி போகிற ரோடு இந்தப் பக்கமே போக வேண்டாம். கூட்டம் நடக்கிற இடமும் வாசலும் போதும்.

துணை வருகிறவருக்கு ஒரு விசயம். பார்வையில்லாதவரை நாம் பொதுவாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம், இல்லாவிட்டால் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறோம். இரண்டும் தப்பு. அவர் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் அரை அடி முன்னால் நடக்க வேண்டும். நம் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரியும். படி வந்தால் நின்று, "இங்க ஒரு படி, மேல ஏறுது" என்று சொல்ல வேண்டும். "பாத்து, பாத்து" என்று சும்மா கத்தினால் ஏறும் படியா, இறங்கும் படியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணைக் கட்டிக்கொண்டு இழுபட்டுப் பாருங்கள், இதன் வித்தியாசம் புரியும்.

முதல் பத்து நிமிசம் பயமாகத்தான் இருக்கும். கை தானாக முன்னால் நீளும், கால் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். சிலர் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், அதுவும் பயத்தில் வருகிற சிரிப்புதான். அப்புறம் மெதுவாகக் காது திறக்கும். யார் வருகிறார் என்று கொலுசும் செருப்பும் சொல்லும். எந்த வீட்டில் குழம்பு தாளிக்கிறார்கள் என்று மூக்கு சொல்லும். இதெல்லாம் தினமும் இருந்ததுதான், நாம்தான் கவனிக்கவில்லை.

ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். முதல் தடவை தரையெல்லாம் தண்ணீராகும். பார்வையில்லாதவர்கள் ஒரு விரலை டம்ளர் விளிம்புக்குள் மடக்கி வைத்துக்கொண்டு ஊற்றுவார்கள், விரல் நனைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதையும் செய்து பாருங்கள்.

அடுத்தது, நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற காரியம். சேமிப்புப் பணத்தை எண்ணுவது. 500, 200, 100, 50 ரூபாய் நோட்டுகளைக் கலந்து கையில் கொடுங்கள். எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் திணறுவோம். ஆனால் நோட்டிலேயே வழி வைத்திருக்கிறார்கள். 2016-க்குப் பிறகு வந்த புது வரிசையில் 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, ஊதா நிற 100 ரூபாய் 142, 50 ரூபாய் 135. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தடவினால் நீளம் தெரியும். 500-ல் வட்டமும், 100-ல் முக்கோணமும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மேடாக அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் சாய்ந்த கோடுகள் உண்டு, 500-க்கு 5 கோடு, 100-க்கு 4 கோடு. கசங்கிய நோட்டில் மேடு தேய்ந்துபோகும் என்பது வேறு கதை. பழைய வரிசை 100 ரூபாய் நோட்டு இவை எல்லாவற்றையும் விடப் பெரிசு, அது கலந்தால் இன்னும் குழப்பம். நோட்டைப் போனுக்கு முன்னால் காட்டினால் எத்தனை ரூபாய் என்று வாயால் சொல்கிற 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்டது. அதற்குக் காசு கிடையாது.

அவிழ்க்கிற நேரம்

ஒரு மணி நேரம் ஆனதும் கட்டை மெதுவாக அவிழ்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கூசும். உடனே பேச வேண்டாம், இரண்டு நிமிசம் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் முகம், சேலைக் கரையின் நிறம், வாசல் வேம்பில் வெயில் விழுந்திருப்பது, எதுவாகவும் இருக்கலாம். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லட்டும். கட்டியிருந்த நேரத்தில் எதைப் பார்க்க ஆசைப்பட்டீர்கள்? "எம் பிள்ளை மூஞ்சி" என்று சொல்பவர்களே அதிகம் இருப்பார்கள். பிள்ளை தினமும் எதிரில்தான் நிற்கிறது, நாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஊக்குநர்கள் கவனமாக இருக்க வேண்டும். "ஐயோ பாவம், கண்ணில்லாதவங்க எப்பிடித்தான் பொழைக்கிறாங்களோ" என்று பேச்சு போகும். அப்படிப் போக விடக்கூடாது. நாம் பார்த்தது பார்வையில்லாதவர் வாழ்க்கையை அல்ல, திடீரென்று பார்வை மறைந்த முதல் ஒரு மணி நேரத்தை மட்டும்தான். 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதையே சொல்கிறது. கொஞ்ச நேரம் கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையில்லாதவர்களால் வேலை செய்யவோ தனியாக வாழவோ முடியாது என்று முன்பைவிட அதிகமாக நினைக்க ஆரம்பித்துவிட்டார்களாம். தங்களுக்கு முடியவில்லை, அதனால் யாருக்கும் முடியாது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நீச்சல் தெரியாதவர் கிணற்றில் விழுந்து தத்தளித்துவிட்டு, யாருமே நீந்த முடியாது என்று சொல்வது போலத்தான் இதுவும்.

ஜெர்மனியில் 1988-ல் ஆந்திரேயாஸ் ஹைனெக்கே என்பவர் ஆரம்பித்த ஏற்பாடு இதைவிட நல்லது. கும்மிருட்டான அறைகள். உள்ளே வழிகாட்டுபவர் பார்வையில்லாதவர். கண்ணுள்ளவர்கள் அவர் குரலை நம்பி நடக்க வேண்டும். இருட்டில் யார் கெட்டிக்காரர் என்பது அங்கே தானாகத் தெரிந்துவிடும். நம் நாட்டில் ஐதராபாத்திலும் இது நடந்திருக்கிறது. உங்கள் ஊரில் பார்வையில்லாத சகோதரி இருந்தால், இந்தப் பாடத்தை நடத்த அவரையே கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றவும், நோட்டுப் பார்க்கவும் அவர் சொல்லிக் கொடுக்கட்டும். அவர் இன்னும் எந்தக் குழுவிலும் இல்லையென்றால் ஏன் இல்லை என்று அன்றைக்கே பேசுங்கள்.

நமக்குத் தெரியாமல் கட்டியிருக்கும் கட்டு

இப்போது இரண்டாவது பயிற்சி. வெள்ளைத் தாளில் எண்ணெய் தடவினால் மங்கலாக ஒளி ஊடுருவும். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குழுவின் பாஸ்புக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் பாருங்கள். எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. கண்ணில் புரை விழுந்தவர்களுக்கு உலகம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்குத் தாளே தேவைப்படாத உறுப்பினர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். "எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டும்மா" என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று வாசித்துப் பார்ப்பதில்லை. படிப்பு இல்லாததால் என்று நினைக்கிறோம். அவர்களில் சிலர் எட்டாவது படித்தவர்கள். வாசிக்கத் தெரியும், எழுத்து தெரியவில்லை. சொல்ல வெட்கம். அரிசியில் கல் பொறுக்க மருமகளைக் கூப்பிடுவதும், ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதும் இதனால்தான்.

40 வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. தலை நரைப்பது போல. இதற்கு ஒரு கண்ணாடி போதும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய சுமார் 750 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவு 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு முதலிலேயே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. இலை பறிக்கவே இவ்வளவு என்றால் தையல், பூக்கட்டு, பாய் நெசவு செய்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "பொம்பளை கண்ணாடி போட்டா நல்லாவா இருக்கும்" என்ற பேச்சுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை.

கண்ணாடியால் சரியாகாதது புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தெளிவாக இல்லாமல் வெளுத்து மங்கிப்போவதுதான் புரை. சொட்டு மருந்தில் கரையாது, மூலிகைச் சாற்றிலும் கரையாது. எருக்கம்பால் பட்டால் இருக்கிற கண்ணும் கெடும். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்க வேண்டும். "புரை நல்லா முத்தட்டும்" என்று காத்திருந்தது அந்தக் காலம். இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றாலே டாக்டரிடம் போகலாம். ஆபரேசன் செய்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போடணும் என்ற பயமும் பழசுதான். உள்ளே லென்ஸ் வைக்காத காலத்தில் அப்படி இருந்தது.

1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே ஆபரேசன் செய்யப் பழகியவர். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுபடியாகாததால் 1992-லிருந்து மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் ஏழைகளுக்கும் லென்ஸ் வைப்பது சுலபமாயிற்று. அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசமாகச் செய்கிறார்கள், ஊருக்கு ஊர் முகாமும் வருகிறது. காசு இல்லை என்பது இன்றைக்குப் பெரிய தடை இல்லை.

பிறகு ஏன் நம் பெண்கள் போவதில்லை? "நாலு நாள் நான் படுத்துட்டா மாட்டை யாரு பாக்குறது, பேரனை யாரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது?" காரணம் இதுதான். ஆண்களைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போகிறோம், துணைக்கு நின்றுவிட்டுத் திரும்பி வருகிறோம், நம் கண்ணைக் காட்டுவதில்லை. ஆபரேசனுக்குப் பிறகு சில வாரம் சொட்டு மருந்து விட வேண்டும், டாக்டர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்கக்கூடாது, அடுப்புப் புகையும் தூசியும் ஆகாது. அந்த நாட்களுக்கு மாற்று ஆள் இருந்தால் அவரும் போய்விடுவார். மாற்று ஆளைக் குழுதான் தர முடியும். இரண்டு உறுப்பினர்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டினால், ஒருத்தர் ஒருவேளைச் சோறு கொடுத்தால் முடிந்தது.

அதனால் பாடம் முடிந்த கையோடு தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 40 வயது தாண்டிய உறுப்பினர்கள், அவர்கள் வீட்டில் இருக்கும் மாமியார், அம்மா, அத்தை எல்லார் பெயரையும் எழுதுங்கள். கடைசியாகக் கண் காட்டியது எந்த வருசம் என்று எதிரில் எழுதுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் பெயருக்கு ஒரு புள்ளி வையுங்கள். கண் நன்றாகத் தெரிந்தாலும் அவர்கள் வருசத்துக்கு ஒரு முறை கண்ணின் உள்விழித்திரையைக் காட்ட வேண்டும், கெட்ட பிறகுதான் பார்வையில் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது கண் நீர் அழுத்தம் இருந்தால் அவருக்கும் புள்ளி வையுங்கள்.

முகாமுக்குப் போகிறவர் ஆதார் நகல், குடும்ப அட்டை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு மாற்றுச் சேலை எடுத்துப் போகட்டும், அன்றைக்கே சேர்த்துக்கொண்டாலும் சேர்த்துக்கொள்வார்கள். கூட யார் போவது, அவர் வீட்டு மாட்டை யார் பார்ப்பது என்று இரண்டு பெயரையும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.