அனுப்புமுன் ஓர் இரவு

எம்மிடம் பயின்ற இளைஞர் பலர் இன்று வங்கிகளிலும் காரியாலயங்களிலும் கடமையாற்றுகின்றனர். அவர்தம் அலுவல்களுட் பல, 2009ஆம் ஆண்டில் தோன்றிய வாட்ஸ்அப் வாயிலாகவே நிகழ்கின்றன. அறிவித்தல் நொடியிற் சேர்கின்றது. தொலைவிலுள்ளார் ஐயமும் உடன் தீர்கின்றது. நன்மை பெரிதே.

ஆயினும் ஒன்று சிந்தித்தற்குரியது. முன்னாளிற் கடிதம் எழுதுதற்கும் தபாலிற் சேர்த்தற்கும் இடையே ஓர் இரவேனும் இருந்தது. சினந் தணிந்தபின் நாம் கிழித்தெறிந்த கடிதங்கள் பல. இன்று அவ்விடைவெளி இல்லை. அனுப்பியதை அழிக்கும் வசதி 2017இல் வந்ததெனினும், அழித்தமைக்குரிய குறிப்பு அங்கேயே நிற்கும். அதற்குள் ஒருவர் அதனைப் படம்பிடித்திருத்தலுங் கூடும். நண்பர் குழுவில் மேலதிகாரியைப் பழித்த ஒரு வரி அவர் மேசையை அடைதல் அரிதன்று.

தாபன விதிக்கோவைக்கு மாறாகச் சமூக ஊடகங்களிற் கருத்துரைக்கும் அரசாங்க அலுவலர் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்படுவரென 2022 செப்டெம்பரில் இலங்கையிற் சுற்றறிக்கையும் வெளிவந்தது.

திருக்குறளிற் புறங்கூறாமை 19ஆம் அதிகாரம். பயனில சொல்லாமை 20ஆம் அதிகாரம். வீண்பேச்சும் புறங்கூறலும் அண்டை வீட்டாரே என்பதை இவ்வைப்புமுறை நமக்கு நினைவூட்டுகின்றது.

மாணவர்காள்! சினத்தில் எழுதியதை அன்றே அனுப்பாதீர்கள். காலையில் மீண்டும் வாசியுங்கள். அனுப்பவேண்டுவதாயின் அப்பொழுது அனுப்பலாம்.