பழைய சைக்கிள் வாங்கலாமா?



காயலான் கடையின் மூலையில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் கருப்புச் சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்கு அது ஏறத்தாழ இருபது கிலோ பழைய இரும்பு. அதற்கேற்ற விலைதான் சொல்வார். ஆனால் அது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் உருவான ராலேயாக இருக்கலாம். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸாகவும் இருக்கலாம். கொஞ்சம் உழைத்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

அதே சைக்கிள் புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பிளவை மறைத்துக்கொண்டும் இருக்கலாம். இறக்கத்தில் வேகமாகப் போகும்போது ஃபோர்க் முறிந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. கை கால் எலும்பும் முறியும். ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன்பே வண்டியைச் சோதித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு வேண்டிய விஞ்ஞானம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வேண்டிய கருவிகள் ஐந்து: 12 அங்குல அளவுகோல், மூன்று மீட்டர் நூல், ஒரு காந்தம், டார்ச் விளக்கு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா.

முதலில் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: தேய்ந்ததை மாற்றலாம், வளைந்ததையும் பிளந்ததையும் நம்பக்கூடாது. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பால்ரஸ் குண்டுகள் ஆகியவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. அவை கெட்டிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். ஃபிரேம், ஃபோர்க் இரண்டும் அப்படியல்ல. வண்டியின் உயிர் இவ்விரண்டில்தான் இருக்கிறது.

நூல் சோதனை

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். நூலால் சொல்லிவிடலாம். பின் சக்கரத்தின் அச்சு பொருந்தும் இடத்தில், ஒரு பக்கம் நூலின் முனையைக் கட்டுங்கள். நூலை முன்னோக்கி இழுத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள தலைக்குழாயைச் சுற்றி, மறு பக்கமாகப் பின்னுக்குக் கொண்டுவந்து, அதே உயரத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். செயின் கவர் தடுத்தால் இரு பக்கமும் சற்று மேலே ஏற்றிக் கட்டலாம்.

இப்போது நூலின் இரு கரங்களும் ஓர் இருசமபக்க முக்கோணத்தின் பக்கங்கள் போல நிற்கின்றன. சீட்டைத் தாங்கும் குழாய் அவற்றின் நடுவில் நிற்க வேண்டும். அந்தக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த வண்டி எப்போதோ பலமாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, தலைக்குழாயை ஒட்டியுள்ள மேல்குழாயின் அடிப்பக்கத்தையும், சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வண்டி சுவரிலோ மரத்திலோ நேராக மோதினால் ஃபோர்க் பின்னோக்கித் தள்ளப்படும். அப்போது இந்த இடங்கள் நசுங்கிச் சிறு மடிப்பு விழும். ஹூக் விதியைப் படித்திருப்பீர்கள் அல்லவா? மீட்சி எல்லைக்குள் வளைந்த எஃகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டினால் திரும்பாது. அந்த மடிப்பு, எல்லை தாண்டியதற்கான அடையாளம். அதைத் தட்டி நிமிர்த்தினாலும் அந்த இடத்தின் பலம் திரும்பி வருவதில்லை. வண்டியைப் பக்கவாட்டில் இருந்தும் பாருங்கள். ஃபோர்க்கின் மேல்பகுதி தலைக்குழாயின் நேர்க்கோட்டிலேயே இறங்கி, அதன்பின் முன்னோக்கி வளைய வேண்டும். பின்னோக்கி ஒடுங்கியிருந்தால் விலகிவிடுங்கள்.

காந்தமும் டார்ச்சும்

பழைய வண்டியில் பளபளவென்று புதுப் பெயிண்டு இருந்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முதலில் வர வேண்டும். பள்ளத்தையும் ஓட்டையையும் பட்டி பூசி மூடி, மேலே பெயிண்டு அடிப்பது எளிது. காந்தத்தைக் குழாயின் மேல் மெல்ல நகர்த்துங்கள். எஃகை அது எங்கும் ஒரே விசையுடன் பற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால் அங்கே காந்தத்துக்கும் எஃகுக்கும் இடையில் பட்டி இருக்கிறது. தூரம் கூடக் காந்தக் கவர்ச்சி வேகமாகக் குறையும் என்பது நீங்கள் அறிந்ததே.

குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். நேர் ஒளியில் தெரியாத மயிரிழைப் பிளவு சாய்ந்த ஒளியில் நிழலிட்டுக் காட்டும். பிளவின் வழியே கசியும் துருவும் ஒரு செம்பழுப்புக் கோடாகத் தெரியும். ஃபோர்க்கின் தலைப்பகுதியை இரண்டு முறை பாருங்கள். அங்கே பிளவு இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மேலாக இருக்கும் துருவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்து உண்டாகும் துரு பொரிந்து உதிரும் தன்மையது. துணியில் எண்ணெய் நனைத்துத் தேய்த்து, அடியில் வழவழப்பான உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். குழிகுழியாக அரித்திருந்தால்தான் ஆபத்து.

சீட் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். குழாய்க்குள் அப்படிப் பருத்துவிட்டால் சீட் கம்பியை ஆப்பு வைத்து அடித்தது போல இறுக்கிவிடும். அதைக் கழற்ற ஒரு நாளும் ஆகலாம். ஒரு வாரமும் ஆகலாம்.

அளவுகோல் சொல்லும் உண்மை

சைக்கிள் செயினின் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் பூஜ்யத்தை வைத்துச் செயினை விறைப்பாகப் பிடியுங்கள். இருபத்து நான்காவது கண்ணி முடியும் ஊசியின் நடு 12 அங்குலக் கோட்டில் நின்றால் செயின் நல்லது. அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், தள்ளி நின்றால் அதன் காலம் முடிந்தது. செயின் நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் இரும்பு நீளவில்லை. ஒவ்வோர் ஊசியும் துளையும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானங்கள் எல்லாம் கூடியிருக்கின்றன. அத்தகைய செயின் பற்சக்கரத்தின் பற்களையும் கொக்கி போல் அரித்திருக்கும். அப்படியானால் செயினோடு ஃப்ரீவீல், பற்சக்கரம் ஆகியவற்றின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றால் பால்ரஸ் கெட்டிருக்கிறது. குண்டுகள் விலை குறைவு. ஆனால் அவை உருளும் கோன் குழி விழுந்திருக்கக்கூடும். கோனைக் கழற்றிப் பார்க்க முடிந்தால், பால்பாயிண்ட் பேனாவின் முனையை அந்த ஓடுபாதையில் மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் முனையில் தட்டுப்படும். குண்டுகளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுங்கள். ஒன்று பெரிதாகவும் மற்றவை தேய்ந்து சிறிதாகவும் இருந்தால் பாரம் முழுவதும் அந்த ஒன்றின் தலையில் விழும்.

ஸ்போக்ஸ் கம்பிகளை வீணைத் தந்தி போல் விரலால் மீட்டிப் பாருங்கள். இழுவிசை கூடினால் சுருதி கூடும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் சக்கரம் நலம். சில கம்பிகள் மட்டும் மழுங்கிய ஒலி தந்தால் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும்.

உதிரி உறுப்புகளைத் தேடும்போது

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைத் தெருக்களிலும், ஊரில் நெடுநாளாகத் தொழில் செய்யும் சைக்கிள் கடைகளின் பரணிலும் நல்ல உறுப்புகள் கிடைப்பதுண்டு. ராடு பிரேக் வைத்த கருப்புச் சைக்கிள் இந்தியாவில் நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் செய்யப்பட்டு வந்ததால், அதற்குப் பல உறுப்புகள் எளிதில் பொருந்தும். ஆனால் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு.

முதலாவது டயர். 26 என்று எழுதிய டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1½ டயருக்கு 584. 26 × 1.75 டயருக்கு 559. கருப்புச் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635. டயரின் பக்கத்தில் 40-635 என்பது போல அச்சிட்டிருந்தால் இரண்டாவது எண்ணை நம்புங்கள். அதுதான் ரிம்மின் அளவு.

இரண்டாவது மரை. பெடல் அச்சு சுழலும் குழாயில் பொருந்தும் கிண்ணங்களுக்குப் பெரும்பாலான பிரிட்டிஷ் முறை வண்டிகளில் அங்குலத்துக்கு 24 புரிகள். ராலே நிறுவனமோ தன் நாட்டிங்ஹாம் வண்டிகளுக்கு 26 புரிகள் வைத்தது. திருகு அளவியில் படித்த புரியிடைத் தூரத்தை நினைவுகூருங்கள். ஒன்றில் அது 1.06 மில்லிமீட்டர், மற்றதில் 0.98. ஒரு புரிக்கு 0.08 மில்லிமீட்டர் வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆறு புரிகளில் அது அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது புரியின் முகடு பள்ளத்தில் விழாமல் முகட்டிலேயே மோதும். முதல் இரண்டு சுற்றுத் தானாக ஏறிப் பிறகு இறுகினால் உடனே நிறுத்துங்கள். பலவந்தம் செய்தால் இரண்டு உறுப்பும் பாழ். பழைய கிண்ணத்தையும் புதியதையும் புரியோடு புரி பொருந்துமாறு வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் ஒளி கசியாமல் பற்கள் கோத்துக்கொண்டால் இரண்டும் ஒரே அளவு.

இடது பெடலுக்கு இடப் புரி என்பதையும் மறவாதீர்கள். அதை வழக்கத்துக்கு மாறான திசையில்தான் கழற்ற வேண்டும்.

வண்டியின் குலமும் வயதும்

பெயர்ப் பலகை விழுந்துபோன வண்டியின் குலத்தைப் பற்சக்கரம் சொல்லும். அதில் நாரைகள் வெட்டப்பட்டிருந்தால் ராலே. ஐந்து மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். கை உருவம் இருந்தால் ரட்ஜ். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை பி.எஸ்.ஏ.வுடையது. அந்த நிறுவனம் துப்பாக்கி செய்வதற்காகவே 1861இல் பர்மிங்ஹாமில் தொடங்கப்பட்டது. ஹம்பர் 1932இலும் ரட்ஜ் 1943இலும் ராலேயின் கைக்கு வந்தன. ஆகவே அதற்குப் பிந்திய அவ்வண்டிகளிலும் 26 புரி இருக்கக்கூடும்.

பின் சக்கரத்தின் நடுவில் பருத்த மூன்று வேக ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால், அழுக்கைத் துடைத்து அதன் மேல் உள்ள எண்களைப் படியுங்கள். 56 என்றும் 4 என்றும் இருந்தால் அந்த ஹப் 1956 ஏப்ரலில் பிறந்தது. ஹப்பின் வயதுதான் இது. வண்டியின் வயது வேறாக இருக்கலாம். இடையில் யாராவது சக்கரத்தை மாற்றியிருக்கலாம் அல்லவா?

முடிவாக ஒரு கணக்கு

ஒரு வண்டி 600 ரூபாய், மற்றொன்று 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு உறுப்புகளும் கூலியும் 4,000 ரூபாய் ஆகும். இரண்டாவதற்கு 1,800 போதும். மொத்தம் 4,600க்கு எதிராக 3,300. மலிவு என்பது கடைக்காரர் சொல்லும் விலையில் இல்லை. வண்டி சாலையில் ஓடும் நாளில் வரும் மொத்தத் தொகையில் இருக்கிறது. ஆகவே காணும் குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, சைக்கிள் கடையில் ஒவ்வொன்றின் விலையையும் விசாரித்த பிறகே பேரம் பேசுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஃபிரேமில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு ரசீதும் வாங்குங்கள். எண்ணை அரத்தால் ராவியிருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள சைக்கிளுக்கு நூல் சோதனை செய்து இரு பக்க அளவையும் குறித்து வையுங்கள்.

2. அதன் செயினில் 24 கண்ணிகளை இன்று அளந்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.

3. ஒரே மாதிரியான துருப்பிடித்த இரண்டு ஆணிகளை எடுத்து, ஒன்றைப் புளிக்கரைசலிலும் மற்றொன்றை வெறும் நீரிலும் ஓர் இரவு ஊறவையுங்கள். எதில் துரு நீங்குகிறது? புளியிலுள்ள அமிலத்துக்கு இதில் என்ன பங்கு? நீங்கிய ஆணியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவாமல் வைத்தால் மறுநாள் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். பழைய சைக்கிளைப் பராமரிக்க வேண்டிய முறையை அந்த ஆணியே உங்களுக்குக் கற்பித்துவிடும்.