கூட்டல் கட்டத்துக்கு மஞ்சள் பூசுங்க!

குறுவை நடவு வந்தால் உள்கடன் கேட்பவர்கள் கூடுவார்கள். அதற்குமுன் எக்செல் கணக்கைச் சரிபாருங்க.

15 பேர் ஆளுக்கு ரூ.100 சேமித்தால் கூட்டல் ரூ.1500. அந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டியது கூட்டிச் சொல்லும் ஃபார்முலா. யாராவது அதன்மேல் 1500 என்று தட்டிவிட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அடுத்த மாதம் ஒருவர் ரூ.200 கட்டினாலும் 1500-லேயே நிற்கும். அப்புறம் பணம் எங்கே என்று ஊக்குநரைத்தானே கேட்பாங்க!

ஒரே ஒரு கட்டத்தில் கர்சரை வையுங்க. கன்ட்ரோல், ஜி இரண்டையும் சேர்த்து அழுத்தி ஸ்பெஷல், ஃபார்முலாஸ், ஓகே கொடுங்க. ஃபார்முலா உள்ள கட்டங்கள் மட்டும் தேர்வாகும், மஞ்சள் அடியுங்க. மஞ்சள் படாத கூட்டல் கட்டத்தில் கையால் எண் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அங்கே ஃபார்முலாவைத் திரும்பப் போடணும்.

பிறகு யாராவது மேலே தட்டினாலும் மஞ்சள் போகாது. அதனால் மாதாமாதம் பழைய நிறத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்க.